புலியூர்குறிச்சிப் பாறையும் வடக்கன்குளத்துச் சுவரும்

எங்கள் ஊர்ப்பக்கம் ஒருவர் கிறிஸ்தவர் என்று தெரிந்ததும் அடுத்து வரும் கேள்வி, "எந்த சபை?" என்பதுதான். தக்கலையில் இதற்குப் பதில் சொல்வது லேசு இல்லை. சீரோ மலபார் சபைக்குத் தக்கலை பெயரிலேயே 1996 முதல் ஒரு மறைமாவட்டம் இருக்கிறது. லத்தீன் கத்தோலிக்கர் 2014இல் கோட்டாற்றிலிருந்து பிரிந்த குழித்துறை மறைமாவட்டத்தில் வருவார்கள். மலங்கரை சபைக்கு மார்த்தாண்டம். பிறகு சி.எஸ்.ஐ., இரட்சணிய சேனை, லுத்தரன், பெந்தெகொஸ்தே. ஒரே தெருவில் ஞாயிற்றுக்கிழமை காலை நாலு ஒலிபெருக்கியில் நாலு ராகம் கேட்கும்.

இத்தனை பிரிவுகளுக்கும் பொதுவான பிரசங்கம் ஒன்று உண்டென்றால் அது மன்னிப்பு. கிறிஸ்தவனுக்கு அடையாளமே மன்னிப்புதான் என்று எல்லா மேடையிலும் சொல்வார்கள். நானும் அதை நம்புகிறவன்தான். ஆனால் யார் யாரை மன்னிப்பது, அதை யார் வாயால் சொல்வது என்று கேட்டால் பேச்சு கொஞ்சம் தடுமாறிவிடும். ஏன் தடுமாறுகிறது என்று யோசித்துப் பார்க்கத்தான் இந்தக் குறிப்பு.

தக்கலையிலிருந்து நாகர்கோவில் ரோட்டில் இரண்டு கிலோமீட்டர் போனால் புலியூர்குறிச்சி. பக்கத்தில் உதயகிரிக் கோட்டை. 1741 குளச்சல் போரில் பிடிபட்டு, பிறகு மார்த்தாண்டவர்மாவின் படைத்தலைவரான டச்சுக்காரர் டிலனாயின் கல்லறை அதற்குள் இருக்கிறது. புலியூர்குறிச்சியில் முட்டிடிச்சான் பாறை. தேவசகாயம் தாகத்தோடு முட்டுக்கையால் பாறையை இடித்தார், தண்ணீர் வந்தது என்பது ஐதீகம். போன மாதம் நான் போயிருந்தபோது ஒரு பாட்டி பேரனைக் கூட்டி வந்திருந்தார். பையனுக்கு யாரோடோ சண்டை போலிருக்கிறது, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். "அடிச்சவங்க அத்தன பேரையும் அவரு பொறுத்தாரு மக்கா. நீ ஒருத்தன்கிட்ட பேசமாட்டேன்னு நிக்கிய" என்றார் பாட்டி. பையன் பதில் சொல்லவில்லை.

தேவசகாயத்தின் கதை இங்கே எல்லோருக்கும் தெரியும். வெளியூர் வாசகர்களுக்காகச் சுருக்கமாக. நட்டாலத்தில் 1712இல் பிறந்த நீலகண்டன், பத்மநாபபுரம் அரண்மனையில் அலுவலர். டிலனாயின் மூலம் கிறிஸ்தவத்தை அறிந்து, 1745இல் வடக்கன்குளத்தில் சேசு சபைக் குருவிடம் ஞானஸ்நானம் பெற்றார். லாசர் என்பதைத் தமிழாக்கி தேவசகாயம் என்று பெயர். 1749இல் கைதானார். எருக்கம்பூ மாலை போட்டு எருமையின் மேல் பின்னோக்கி உட்காரவைத்து ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழியில் காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். உடல் கோட்டாறு சவேரியார் கோயிலில் அடக்கம். 2012 டிசம்பரில் நாகர்கோவிலில் முத்திப்பேறு பெற்றவராக அறிவிக்கப்பட்டார். 2022 மே 15 அன்று ரோமில் புனிதர் பட்டம்.

மதம் மாறியதற்காகத்தான் கொல்லப்பட்டாரா, வேறு அரசியல் காரணமா என்று வரலாற்றாசிரியர்களிடையே சண்டை இருக்கிறது. திருவிதாங்கூரில் மதத்துக்காக யாரையும் கொன்ற வழக்கமில்லை என்பது ஒரு தரப்பு. அதற்குள் நான் இப்போது போகவில்லை. எனக்கு வேண்டியது, சபை தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் கதையாக இது என்ன செய்கிறது என்பது. இந்தக் கதையில் சபை அடி வாங்கும் பக்கத்தில் நிற்கிறது. மன்னிக்க வேண்டிய இடத்தில் இருப்பது சபை, மன்னிக்கப்பட வேண்டியவர்கள் வெளியே இருக்கிறார்கள். இப்படிப்பட்ட இடத்தில் நின்று மன்னிப்பைப் பற்றிப் பேசுவது எந்த சபைக்கும் கஷ்டமில்லை. இரத்தசாட்சியின் மன்னிப்பு சபைக்குப் பெருமை சேர்க்கும்.

இப்போது ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டி அந்தப் பக்கம் போகலாம். வடக்கன்குளம் திருநெல்வேலி மாவட்டத்தில் இருக்கிறது. தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்ற அதே ஊர். எல்லாச் சாதியாரோடும் கலந்து பழகினார் என்பதும் அவர் மேல் சொல்லப்பட்ட குற்றங்களில் ஒன்று என்று புனிதர் சரித்திரங்கள் எழுதுகின்றன. அவர் இறந்து 120 வருடம் கழித்து, 1872இல், அந்த ஊரில் ஒரு கோயில் கட்டப்பட்டது. ஒரே பீடம். பீடத்திலிருந்து இரண்டு கால் பிரிந்து போகிற மாதிரி இரண்டு மண்டபங்கள், நடுவே தடுப்பு. ஒரு காலில் வெள்ளாளரும் அவர்களோடு சேர்ந்த சாதியாரும், மற்றதில் நாடார்கள். கால்சட்டைக் கோயில் என்று கேலியாகச் சொல்வார்கள். பீடத்தில் நிற்கும் சாமியாருக்கு இரண்டு பக்கமும் தெரியும், மக்களுக்கு ஒருவரையொருவர் தெரியாது. ஒரே அப்பம் இரண்டு பக்கமும் போகும். அந்த வரைபடத்தை முதலில் பார்த்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து, இதை வரைந்தவர் எவ்வளவு பக்தியோடு வரைந்திருப்பார் என்று தோன்றியதும் சிரிப்பு நின்றுவிட்டது.

1910இல் பங்குக் குருவாக இருந்த கௌசானல் அடிகளார் காலத்தில் தடுப்பு இடிக்கப்பட்டது. அதற்குப் பிறகு வந்தது வழக்கு. தனியிடம் எங்கள் உரிமை என்று வெள்ளாளத் தரப்பு நீதிமன்றம் போனது. சென்னை உயர்நீதிமன்றம்வரை நீண்ட அந்த வழக்கு சட்டப் புத்தகங்களில் 'மிக்கேல் பிள்ளை எதிர் பார்த்' என்று இருக்கிறது. பார்த் அப்போதைய திருச்சிராப்பள்ளி ஆயர். கத்தோலிக்கக் கோயிலுக்குள் சாதியைக் காட்டித் தனியுரிமை கேட்க முடியாது என்று தீர்ப்பு. ஆ. சிவசுப்பிரமணியனின் 'கிறித்தவமும் சாதியும்' இந்த வரலாற்றைத் தமிழில் விரிவாகச் சொல்கிறது. கிடைத்தால் வாசியுங்கள்.

நீதி கிடைத்தது, சரி. கௌசானலின் துணிச்சலையும் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் மன்னிப்பு என்ற கண்ணால் பார்த்தால் இங்கே ஒரு விசித்திரம் இருக்கிறது. சுவர் சேசு சபையாரின் பொறுப்பில் இருந்த பங்கில் எழுந்தது, அவர்கள் பொறுப்பில் இருந்தபோதே விழுந்தது. இடையில் 38 வருடம். அந்த 38 வருடம் தடுப்புக்கு அந்தப் பக்கம் முழங்காலில் நின்றவர்களுக்கு சபை என்ன கடன்பட்டிருக்கிறது? வழக்கில் இந்தக் கேள்விக்கு இடமில்லை. வாதி உயர்சாதியார், பிரதிவாதி ஆயர். அவமதிக்கப்பட்டவர்கள் வாதியும் இல்லை, பிரதிவாதியும் இல்லை. சுவரைக் கட்டிய அதே கை சுவரை இடித்ததால் நியாயஸ்தர் இடத்துக்குப் போய்விட்டது.

இதே மாதிரி இன்னொன்று நம் காலத்திலேயே நடந்தது. 2012 விழாவில் அவர் 'தேவசகாயம் பிள்ளை'. சாதிப் பட்டத்தோடு புனிதர் பட்டம் கொடுப்பது அவர் செத்ததற்கே எதிரானது என்று நம் மாவட்டத்துக்காரர்கள் சிலர் ரோமுக்கு எழுதினார்கள். ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி எம்.ஜி. தேவசகாயம் அவர்களில் முக்கியமானவர். 2020இல் ரோம் வெளியிட்ட அறிவிப்பில் 'தேவசகாயம் என்றழைக்கப்படும் லாசர்' என்று மட்டும் இருந்தது. நல்ல காரியம். எனக்கும் சந்தோஷம்தான். ஆனாலும் சொல்கிறேன், ஒரு வாலை வெட்டிவிடுவதற்கு யாரும் யாரிடமும் எதையும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. சுவரொட்டியைத் திருத்தினால் போதும்.

இனி வேதத்துக்கு வருகிறேன். நாலு சுவிசேஷங்களிலும் சேர்த்து 'சபை' என்ற பொருளில் வரும் கிரேக்கச் சொல், எக்ளேசியா, மத்தேயுவில் மட்டும்தான் வருகிறது. இரண்டே வசனங்களில். ஒன்று 16ஆம் அதிகாரம், பாறையின் மேல் சபை கட்டப்படுவது பற்றியது. இது எல்லோருக்கும் மனப்பாடம். ரோமில் பேதுரு கோயில் கூரைக்கு அடியில் ஆளுயர எழுத்தில் இருக்கிறது. இன்னொன்று 18ஆம் அதிகாரம். ஒருவன் உனக்கு விரோதமாகக் குற்றம் செய்தால் முதலில் தனியாகப் போய்ச் சொல், பிறகு சாட்சிகளோடு போ, அதற்கும் கேட்காவிட்டால் சபைக்குச் சொல் என்கிற இடம். அதாவது பாதிக்கப்பட்டவன் முறையிட வரும் இடமாகத்தான் சபை அங்கே வருகிறது. முதல் வசனத்தின் மேல் பேராலயமே கட்டிவிட்டார்கள். இரண்டாவது வசனம் சபை ஒழுங்கு நடவடிக்கைக்கு மட்டும் வெளியே எடுக்கப்படுகிறது.

அந்த 18ஆம் அதிகாரத்தில்தான் பேதுரு எத்தனை தரம் மன்னிக்க வேண்டும் என்று கேட்பதும், ஏழெழுபது என்ற பதிலும், பதினாயிரம் தாலந்து கடன்பட்ட ஊழியக்காரன் கதையும் வருகின்றன. பெரிய கடன் தள்ளுபடி ஆனவன் வெளியே வந்து, தனக்கு நூறு வெள்ளிக்காசு தர வேண்டியவன் கழுத்தைப் பிடிக்கிறான். இதை வைத்து நான் கேட்ட பிரசங்கங்களுக்குக் கணக்கில்லை. எல்லாமே "நீயும் மன்னி" என்று பெஞ்சில் இருப்பவரைப் பார்த்துத்தான் முடியும். கதையை மறுபடி வாசித்துப் பாருங்கள். மன்னிக்கச் சொல்லப்படுகிறவன் கையில் அதிகாரம் இருக்கிறவன், அடுத்தவனைச் சிறையில் போட முடிந்தவன். சிறையில் கிடப்பவனிடம் பொறுத்துப் போ என்று யாரும் சொல்லவில்லை. அப்புறம், நாம் கவனிக்காமல் விடுகிற ஒரு கூட்டம் இருக்கிறது: உடன் ஊழியக்காரர்கள். அவர்கள் நடந்ததைப் பார்த்துத் துக்கப்பட்டு, எஜமானிடம் போய்ச் சொல்கிறார்கள். சமாதானமாய்ப் போங்கள் என்று இரண்டு பேரையும் கைகுலுக்க வைக்கவில்லை. சபைக்கு அந்தக் கதையில் ஒரு இடம் உண்டென்றால் அது இவர்களுடைய இடம்தான் என்பது என் வாசிப்பு.

தமிழில் ஒரு சொல் விவகாரமும் இருக்கிறது. புராட்டஸ்டன்ட் வேதாகமத்தின் கர்த்தர் ஜெபத்தில் 'கடன்' என்று வரும், மூலத்தில் இருப்பதும் அதுதான். கத்தோலிக்கர் ஜெபத்தில் 'பொறுத்தருளும்' என்று வரும். எனக்கு இரண்டுமே பிடித்த சொற்கள். கடன் என்றால் கணக்கு உண்டு, யார் யாருக்கு எவ்வளவு என்று ஏட்டில் இருக்கும். தள்ளுபடி செய்வதற்கு முன் வாசித்தாக வேண்டும். பொறுத்தல் என்றால் சுமப்பது. குறளில் பொறையுடைமைக்கு நிலத்தை உவமை சொல்வதும் அதனால்தான். ஆனால் ஊர்ப்பேச்சில் "கொஞ்சம் பொறுத்துப் போ" என்பது யாரிடம் சொல்லப்படுகிறது? மருமகளிடம், கூலிக்காரனிடம், தடுப்புக்கு அந்தப் பக்கம் நிற்பவனிடம். கடனைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு, பொறுப்பதை மட்டும் மெலிந்தவர் தோளில் ஏற்றிவிடுகிறோம்.

இதற்கு ரோமின் பதில் என்ன? இரண்டாம் யோவான் பவுல் 2000 மார்ச் 12 அன்று பேதுரு ஆலயத்தில் மன்னிப்பு வேண்டும் வழிபாடு நடத்தினார். யூதர்களுக்கு எதிரானவை, பெண்களுக்கு எதிரானவை, பிற இனங்களுக்கு எதிரானவை என்று பாவங்கள் பேர்சொல்லி அறிக்கையிடப்பட்டன. எந்தப் பாப்பரசரும் அதற்குமுன் அப்படிச் செய்ததில்லை. அதற்கு முன்னோட்டமாக சர்வதேச இறையியல் ஆணையம் 'நினைவும் ஒப்புரவும்' என்றொரு ஆவணம் வெளியிட்டது. கவனமான ஆவணம். இறந்தவர்களின் தனிப்பட்ட குற்றம் அவர்களோடு போய்விடுகிறது, ஆனால் அதன் விளைவுகளுக்கான பொறுப்பு இன்றைய சபைக்கும் உண்டு என்கிறது. அந்த மட்டில் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கூடவே, சபை பரிசுத்தமானது, பாவம் செய்தவர்கள் அதன் பிள்ளைகள் என்ற கோட்டையும் விடாமல் பிடித்திருக்கிறது. தாய் பிள்ளைகளுக்காக மன்னிப்புக் கேட்கிறாள், தாய்மேல் குற்றமில்லை.

வடக்கன்குளத்தில் இந்தக் கோடு நிற்குமா? அந்தத் தடுப்பு ஏதோ ஒரு பிள்ளை ராத்திரியில் திருட்டுத்தனமாகக் கட்டியது இல்லை. கோயிலாகவே கட்டப்பட்டது. சுவரும் சபைதான், பீடமும் சபைதான். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் திருச்சபை பற்றிய ஏட்டில் சபை பரிசுத்தமாகவும் எப்போதும் தூய்மை தேவைப்படுவதாகவும் இருக்கிறது என்ற கருத்தை வைத்தது. அது இந்த 'பிள்ளைகள்' வாதத்தைவிட நேர்மையானது என்பது என் எண்ணம். கேட்பதற்கு ஒரு வாய் வேண்டுமே. செய்தது நானில்லை என்று சொல்கிற சபைக்கு, மன்னித்துக்கொள் என்று சொல்லவும் வாய் இருக்காது.

தென்னாப்பிரிக்காவில் இது வேறு மாதிரி நடந்தது. அங்கே டச்சு சீர்திருத்த சபை 1857இல் வெள்ளையரும் மற்றவரும் தனித்தனியே ஆராதிக்கலாம் என்று தீர்மானித்தது. காரணமாகச் சொன்னது சிலருடைய 'பலவீனம்'. நம் கால்சட்டைக் கோயிலுக்குப் பதினைந்து வருடம் முந்தியது. அந்தப் பலவீனம் ஒரு நூற்றாண்டில் சட்டமாகவே ஆனது. 1980களில் அதே குடும்பத்தின் கலப்பின சபையார் பெல்ஹார் விசுவாச அறிக்கையை எழுதினார்கள். இனவாரியாகப் பிரிந்த சபை, சபையாக இருப்பதற்கான அடிப்படையையே இழக்கிறது என்பது அதன் நிலைப்பாடு. பிறகு 1990 நவம்பரில் ருஸ்டன்பர்க் மாநாட்டில் வில்லி யோங்கர் என்ற வெள்ளை இறையியலாளர் எழுந்து, தன் பெயரிலும் தன் சபையின் பெயரிலும் பாவத்தை ஒப்புக்கொண்டார். பேராயர் டூட்டு அங்கேயே எழுந்து, மன்னித்தோம் என்று ஏற்றார். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது அதற்கு அடுத்து நடந்தது. கறுப்புப் பிரதிநிதிகளிலேயே சிலர் டூட்டுவோடு சண்டைக்கு வந்தார்கள். எங்களுக்காக மன்னிக்க உமக்கு யார் அதிகாரம் தந்தது என்று. அந்தச் சண்டை அநாகரிகம் இல்லை. அந்த மாநாட்டிலேயே கிறிஸ்தவத்தன்மை அதிகம் இருந்தது அங்கேதான் என்று நினைக்கிறேன்.

கிளாடிஸ் ஸ்டெயின்ஸை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். 1999 ஜனவரியில் ஒரிசாவின் மனோகர்பூரில் கணவரையும் இரண்டு மகன்களையும் ஜீப்போடு எரித்த பிறகு, மன்னித்தேன் என்று சொன்னவர். அதை அவர் சொன்னார், அவர்தான் சொல்ல முடியும். மன்னிப்பையும் குற்றத்துக்கான விளைவையும் குழப்பிக்கொள்ளக் கூடாது என்றும் அவர் சொல்லியிருக்கிறார். மேடைகளில் முதல் பாதி மட்டும் வருகிறது.

2008 மார்ச்சில் விழுப்புரம் பக்கம் எறையூரில் நடந்தது நினைவிருக்கலாம். தலித் கத்தோலிக்கர் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டார்கள். சவ ஊர்வலத்துக்குப் பொதுப்பாதை கிடையாது, பொது வண்டி கிடையாது என்ற நிலையில் இருந்தவர்கள். வன்னியக் கத்தோலிக்கர் எதிர்த்தார்கள். கலவரம், துப்பாக்கிச் சூடு, இரண்டு பேர் சாவு. நான் அப்போது "கிறிஸ்தவத்தில் போய்த் தனிப் பங்கா, ஒற்றுமை என்னாவது" என்று பேசியவன். இப்போது அப்படிச் சொல்லத் தோன்றவில்லை. 1872இல் பிரிவு கேட்டவர்கள் மேலே இருந்தவர்கள், அவர்களுக்கு மேஸ்திரியைக் கூப்பிட்டுச் சுவர் கட்டிக் கொடுத்தார்கள். எறையூரில் பிரிவு கேட்டவர்கள் கீழே வைக்கப்பட்டவர்கள், அவர்களுக்கு ஒற்றுமையைப் பற்றிப் பிரசங்கம். இந்திய ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் கொள்கை ஆவணம், சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒளிக்காமல் ஒத்துக்கொண்டது. தாமதம், ஆனாலும் ஏடு திறக்கப்பட்டிருக்கிறது.

சி.எஸ்.ஐ. நண்பர்கள் இதைக் கத்தோலிக்கப் பஞ்சாயத்து என்று ஒதுங்க வேண்டாம். நம் மாவட்டத்தில் லண்டன் மிஷன் தொடங்கியதே மயிலாடி வேதமாணிக்கம் என்ற சாம்பவர் சமூகத்து மனிதரால். அவர் போய் அழைத்ததால்தான் ரிங்கல்தௌபே 1806இல் தரங்கம்பாடியிலிருந்து இங்கே வந்தார். அந்தச் சமூகத்தார் இன்றைக்கு சபை நிர்வாகத்தில் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தேர்தல் நேரத்து டீக்கடையில் கேட்டுப் பாருங்கள். (கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் ஆறாம் அதிகாரம், விசுவாசிகள் கோர்ட்டுக்குப் போவதைப் பற்றியது, நம் மாவட்டத்தில் அதிகம் பிரசங்கிக்கப்படுவதில்லை. காரணம் சொல்ல வேண்டியதில்லை.)

"அப்படியானா இப்போ யாரு யாருகிட்ட கேக்கணும்? எல்லாரும் செத்துப் போயாச்சே" என்று இதை வாசித்துப் பார்த்த நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. கடன் வாங்கிய தாத்தா செத்தபிறகும் அந்தப் பணத்தில் வாங்கிய வயலில் பேரன் நெல் அறுத்தால் அவனிடம்தான் கேட்க வேண்டியிருக்கிறது, என்றேன். அவருக்கு முழுத் திருப்தி இல்லை. எனக்கும்தான்.

ஒன்றை விட்டுவிட்டேன். தேவசகாயத்தின் மனைவி பார்கவி அம்மாள். ஞானஸ்நானப் பெயர் தெரேசா, தமிழில் ஞானப்பூ. புனிதர் சரித்திரங்களில் அவருக்கு அதிகம் போனால் ஒரு பத்தி. கணவரைக் கொன்ற பிறகு அவர் ஊருக்குத் திரும்பவில்லை. கணவாயைத் தாண்டி வடக்கன்குளத்தில் வேற்றூர்க்காரியாக இருந்து அங்கேயே செத்து, அங்கேயே அடக்கமானார். அவர் கல்லறை இருக்கும் அந்த ஊரில்தான் பிறகு சுவர் எழுந்தது. அடித்தவர்களைத் தேவசகாயம் மன்னித்தார் என்று பாறைக்குப் பாறை சொல்கிறார்கள். ஞானப்பூ யாரை மன்னித்தார், யாரை மன்னிக்கவில்லை என்பது எந்தக் கதையிலும் இல்லை.